225 கிலோமீட்டர் வேகம் எங்கே போனது?

கார் பந்தயத்தில் என்ஜின் இருக்கிறது. சைக்கிள் பந்தயத்தில் கால் மிதிக்கிறது. படகுப் பந்தயத்துக்குத் துடுப்பு உண்டு. மலைச்சரிவில் ஸ்கீ பந்தயம் ஓடுகிறவருக்கு இதில் எதுவுமே கிடையாது. புறப்படும் இடத்தில் இரண்டு கைத்தடிகளையும் பனியில் ஊன்றி நாலைந்து தள்ளு தள்ளுவார். அவர் சொந்தமாகச் சேர்ப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். மற்ற வேகமெல்லாம் மலை தருவது.

மலை எவ்வளவு தரும்? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஸ்லாலம் என்று ஒரு பந்தயம் இருக்கிறது. சரிவில் நட்டிருக்கும் கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்க வேண்டும். அதில் புறப்படும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 200 மீட்டர். உயரத்தில் நிற்கும் பொருளிடம் நிலை ஆற்றல் இருக்கும், கீழே இறங்க இறங்க அது இயக்க ஆற்றலாக மாறும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். வழியில் துளி ஆற்றலும் வீணாகாவிட்டால், 200 மீட்டர் இறங்கி முடிக்கும்போது வேகம் நொடிக்கு 62 மீட்டரைத் தாண்டியிருக்க வேண்டும். அதாவது மணிக்கு 225 கிலோமீட்டர்! இறங்குகிறவர் 50 கிலோவா 80 கிலோவா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது.

ஆனால் உலகின் தலைசிறந்த வீராங்கனை ஸ்லாலம் ஓடும்போதுகூட வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். மீதி எங்கே போனது?

கொஞ்சம் காற்று பிடுங்கிக்கொண்டது. கொஞ்சம் பனியின் உராய்வில் போனது. பெரும்பகுதி, கம்பத்துக்குக் கம்பம் வளைந்து திரும்பியதில் கரைந்தது. திரும்பாமல் நேராக இறங்கினால் பந்தயமே இல்லை. ஆகவே கொஞ்சம் இழந்தே தீர வேண்டும். எவ்வளவு குறைவாக இழக்கிறோம் என்பதில்தான் போட்டி. மலை எல்லோருக்கும் ஒரே அளவைத்தான் கொடுக்கிறது. கொடுத்ததைச் சிந்தாமல் கீழே கொண்டுவரக் கற்றுக்கொள்வதற்கு ஒரு ஸ்கீ வீரருக்குப் பத்துப் பதினைந்து வருடங்கள் ஆகின்றன. அந்தத் தொழிலின் கதையை மிக்கேலா ஷிஃப்ரின் என்ற அமெரிக்கப் பெண்ணை வைத்துச் சொல்கிறேன். இந்த விளையாட்டின் உலகக் கோப்பைப் பந்தயங்களில் இவர் அளவுக்கு வென்றவர் ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை.

மிக்கேலா 1995 மார்ச் 13 அன்று கொலராடோ மாநிலத்தின் வெய்ல் என்ற மலையூரில் பிறந்தார். அப்பா ஜெஃப் மயக்க மருந்து மருத்துவர், அம்மா ஐலீன் செவிலியர். இருவருமே ஸ்கீ ஓடியவர்கள். மகளை வளர்த்ததில் அவர்கள் செய்த ஒரு காரியம் மற்ற பெற்றோருக்கு விநோதமாகப் பட்டிருக்கும். வாராவாரம் பந்தயத்துக்கு அழைத்துப் போகாமல், பயிற்சியிலேயே அதிகம் விட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஸ்லாலம் பந்தயம் இரண்டு ஓட்டம். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பந்தயத்துக்காக விடியற்காலையில் எழுந்து, பல மணி நேரம் காரில் போய், குளிரில் காத்திருந்து, நாள் முழுக்கச் செலவழித்தால் கிடைப்பது மொத்தம் இரண்டு நிமிடம்கூட இல்லை. அதே நாளைப் பயிற்சிக்குக் கொடுத்தால் அதைப்போலப் பல மடங்கு திருப்பங்களைப் பழகலாம். பந்தயத்தில் கிடைக்கும் கோப்பை அலமாரியில் நிற்கும். திருப்பம்தான் காலில் நிற்கும். பிறகு வெர்மான்ட் மாநிலத்தில் பர்க் மவுண்டன் அகாடமி என்ற ஸ்கீ பள்ளியில் சேர்ந்தபோதும் இந்த வழக்கம் மாறவில்லை. ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டவும் சின்ன வயதிலேயே பழகியிருந்தார். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று உள்காதில் இருக்கும் திரவம் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி வந்த கணமே தசைகள் சரிசெய்ய வேண்டும். ஒற்றைச் சக்கரத்தில் தாமதித்தால் கீழேதான்.

சரி, ஒரு திருப்பத்தில் அப்படி என்ன இருக்கிறது?

ஸ்கீ என்பது காலில் மாட்டிக்கொள்ளும் நீளமான, வளையக்கூடிய பட்டை. மேலிருந்து பார்த்தால் முன்னும் பின்னும் அகலம், நடுவில் ஒடுக்கம். அதை ஒருக்களித்துச் சாய்த்து ஓரத்தின் மேல் நின்றால், முனைகள் பனியில் பட்டிருக்க, நடுப்பகுதி எடையில் கீழே இறங்கும். பட்டை முழுவதும் வில்லாக வளைந்துவிடும். அப்புறம் அது தன் வளைவின் வழியிலேயே போகும். ஜயன்ட் ஸ்லாலம் என்பது கம்பங்கள் இன்னும் தள்ளித் தள்ளி நிற்கும், வேகம் கூடிய ஸ்லாலம். அதில் பெண்களுக்கான ஸ்கீ குறைந்தது 188 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும், அதன் பக்க வளைவு 30 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டாக இருக்க வேண்டும் என்பது விதி. நிமிர்ந்து நின்றால் 30 மீட்டர். சாய்க்கச் சாய்க்க வட்டம் சிறுக்கும். 60 டிகிரி சாய்த்தால் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

இப்படிச் செதுக்கித் திரும்பினால் பனியில் இரண்டு மெல்லிய கோடுகள் மட்டும் விழும். பழகாதவர் திரும்பும்போது ஸ்கீ பக்கவாட்டில் இழுபட்டு, அகலமான தடத்தில் பனியை வாரி இறைக்கும். பார்க்க அழகாக, வீரமாகக்கூட இருக்கும். ஆனால் வாரி இறைக்கப்பட்ட ஒவ்வொரு பிடிப் பனியும் அவருடைய இயக்க ஆற்றலில் இருந்து போனது. காணாமல் போன வேகத்தில் பெரிய பங்கு அங்கேதான் கிடக்கிறது. தொலைக்காட்சியில் ஸ்கீ பந்தயம் பார்க்க நேர்ந்தால் ஆளைப் பார்க்காதீர்கள், ஸ்கீயின் பின்னால் எவ்வளவு பனி பறக்கிறது என்று பாருங்கள். குறைவாகப் பனியைப் பறக்கவிடுகிறவர் பெரும்பாலும் முன்னால் இருப்பார்.

சறுக்காமல் திரும்புவது ஏன் கடினம்? இன்னொரு கணக்கு. ஜயன்ட் ஸ்லாலமில் மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒருவர் வருகிறார். 20 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்புகிறார். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் மையநோக்கு முடுக்கம் 20 வருகிறது. இது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல இரு மடங்கு. அவர் எடை 60 கிலோ என்றால், பக்கவாட்டில் 120 கிலோ எடைக்குச் சமமான விசையைப் பனி அவருக்குத் தர வேண்டும். கீழ்நோக்கி இழுக்கும் அவர் சொந்த எடையையும் பைதாகரஸ் முறையில் சேர்த்தால் 130 கிலோவுக்கு மேல் போகும். இவ்வளவையும் பெரும்பாலும் ஒரே கால், வெளிப்பக்கக் கால், தாங்குகிறது. அந்தக் காலுக்கும் மலைக்கும் நடுவே இருப்பது ஓர் எஃகு விளிம்பு. அதுவும் ஒரு நொடி, இரண்டு நொடி. உடனே அடுத்த காலுக்கு மாற வேண்டும். ஸ்கீ வீரர்களின் தொடைகள் ஏன் அவ்வளவு பருமன் என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

ஸ்லாலமில் விசை இதைவிடக் கொஞ்சம் குறைவு, அவசரம் அதிகம். அங்கே சுமார் 60 கம்பங்கள். ஓட்டம் 50 முதல் 60 நொடி. கம்பத்துக்கு ஒரு நொடிகூடக் கிடைக்காது. கம்பத்தின் அடியில் கீல் இருப்பதால் முழங்காலுக்குக் கீழே கட்டிய காப்பாலும் கைக்காப்பாலும் அதை அடித்துச் சாய்த்துவிட்டுப் போவார்கள். ஸ்கீயும் பாதமும் கம்பத்தின் சரியான பக்கத்தில் போனால் போதும், உடம்பு எங்கே போனாலும் விதிக்குக் கவலையில்லை.

இந்த ஸ்லாலமில் சென்னைக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கிறது. ஜோடி ஜோடியாகக் கொடி நட்டு, அழகுக்கு மதிப்பெண் போடாமல் கடிகாரத்தை வைத்து வெற்றியைத் தீர்மானிக்கும் ஸ்லாலமை 1922இல் சுவிட்சர்லாந்தின் மூரென் என்ற ஊரில் தொடங்கிவைத்தவர் ஆர்னால்ட் லன் என்ற ஆங்கிலேயர். அவர் 1888இல் பிறந்தது சென்னையில்! அப்பா ஹென்றி லன் மெதடிஸ்ட் மிஷனரியாக இங்கே வந்திருந்தார். கொஞ்ச காலத்திலேயே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. ஸ்லாலமைக் கண்டுபிடித்ததில் சென்னை வெயிலுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனாலும் தெரிந்துவைத்துக்கொள்வதில் தவறில்லை.

பனி என்றால் பஞ்சுபோல இருக்கும் என்று படங்களில் பார்த்து நினைத்திருப்போம். பந்தயத் தடம் அப்படி இருக்காது. வேண்டுமென்றே கல்லாக்கிவைத்திருப்பார்கள். உயர் அழுத்தக் குழாய்களால் பனிக்குள் தண்ணீரைச் செலுத்தி இரவில் உறையவிடுவது ஒரு வழி. காரணம், நியாயம். முதலில் ஓடுகிறவரின் ஸ்கீ பஞ்சுப் பனியில் பள்ளம் பறித்துவிடும். முப்பதாவதாக வருகிறவர் குண்டும் குழியுமான சாலையில் வந்தாற்போல் குலுங்குவார். தடம் பனிக்கட்டியாக இருந்தால் பள்ளம் மெதுவாகத்தான் விழும்.

வெயிலடித்துப் பனி சொதசொதவென்று ஆகிவிட்டால் என்ன செய்வார்கள் தெரியுமா? உப்பைத் தூவுவார்கள். உப்பு பனியை உருக்கத்தானே செய்யும், அப்புறம் எப்படி இறுகும் என்று நீங்கள் கேட்டால் அது நல்ல கேள்வி. குல்ஃபிக்காரர் பானையில் ஐஸ்கட்டியோடு உப்பு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நடப்பதுதான் இங்கேயும். உப்பு பட்ட இடத்தில் கொஞ்சம் பனி உருகும். உருகுவதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைச் சுற்றியிருக்கும் ஈரப் பனியிடமிருந்து உறிஞ்சிக்கொள்ளும். வெப்பத்தைப் பறிகொடுத்த பனி பூஜ்ஜியத்துக்குக் கீழே போய், அதிலிருக்கும் ஈரமெல்லாம் உறைந்து இறுகிவிடும். பனியில் ஈரம் இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். உலர்ந்த பனியில் உப்பு போட்டால் வீண்.

அடுத்து உராய்வு. ஸ்கீ ஏன் வழுக்குகிறது? எடையின் அழுத்தத்தால் பனி உருகித் தண்ணீராகி வழுக்குகிறது என்று பல புத்தகங்களில் எழுதியிருக்கும். அதை நம்ப வேண்டாம். ஆளின் எடை இரண்டு நீளப் பட்டைகளில் பரவிவிடுவதால் அழுத்தம் மிகக் குறைவு. பனி உருகும் வெப்பநிலை அதனால் ஆயிரத்தில் ஒரு டிகிரிகூட மாறாது. உண்மையில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து உதவுகின்றன. ஒன்று, சறுக்கும்போது உராய்வில் பிறக்கும் வெப்பமே பனியின் மேல்தோலைக் கொஞ்சம் ஈரமாக்குகிறது. இன்னொன்று, பனிக்கட்டியின் மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுகளுக்கு மேலே பிடித்துக்கொள்ள யாரும் இல்லாததால், பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் அவை கொஞ்சம் தளர்வாகவே இருக்கும். மைக்கேல் ஃபாரடே 1850லேயே இதை ஊகித்துச் சொன்னார். குளிர் மிகவும் கடுமையாகிவிட்டால் இந்த வசதி போய்விடும். பனி மணலைப்போல் இழுக்கும்.

தண்ணீர் அதிகமானாலும் தொல்லை. ஈரக் கண்ணாடித் தட்டு மேஜையில் ஒட்டிக்கொள்வதைப்போல் ஸ்கீ பனியோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் அடிப்பாகத்தில் இருக்கும் பாலிஎத்திலீன் தகட்டில் மயிரிழைபோல் கோடுகள் கீறிவைப்பார்கள். தண்ணீர் அந்தக் கோடுகளில் ஓடிவிடும். அதன்மேல் மெழுகு. கடுங்குளிரில் பனிப் படிகங்களின் முனைகள் கூர்மையாக இருந்து தைக்கும், அதற்குக் கெட்டி மெழுகு. வெப்பம் கூடினால் மென்மையான மெழுகு. ஃப்ளூரின் கலந்த மெழுகுதான் தண்ணீரை மிக நன்றாகத் தள்ளும். ஆனால் அந்த வேதிப்பொருள்கள் இயற்கையில் சிதையாமல் மண்ணிலும் நீரிலும் தங்கிவிடுகின்றன. அதனால் 2023-24 பருவம் முதல் சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு அவற்றைத் தடைசெய்துவிட்டது. இப்போது பந்தயங்களில் கருவியை வைத்து ஸ்கீயைச் சோதிக்கிறார்கள்.

இந்த வேலையெல்லாம் வீரர் செய்வதில்லை. அவருக்கென்று ஒரு ஸ்கீ தொழில்நுட்பக்காரர் இருப்பார். எந்த ஜோடி எந்தப் பனியில் எப்படி ஓடியது என்று குறித்துவைத்துக்கொண்டு, இரவெல்லாம் விளிம்பைத் தீட்டி மெழுகு போடுவார். கோப்பை வாங்கும் படத்தில் அவர் இருப்பதில்லை. என்னைக் கேட்டால் அவருக்கும் ஒரு சின்னக் கோப்பை கொடுக்கலாம்.

பந்தய நாள் காலையில் வீரர்கள் தடத்தின் ஓரமாக மெல்லச் சறுக்கி இறங்கியபடி, கம்பங்கள் எங்கெங்கே நடப்பட்டிருக்கின்றன என்று பார்க்கலாம். ஆனால் ஸ்லாலம், ஜயன்ட் ஸ்லாலம் இரண்டிலும் அந்தத் தடத்தில் ஒருமுறைகூட ஓடிப்பார்க்கக் கூடாது. இரண்டாவது ஓட்டத்துக்குக் கம்பங்களை வேறு மாதிரி மாற்றி நட்டுவிடுவார்கள். ஆகவே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தாக வேண்டும். புறப்படும் இடத்தில் வீரர்கள் கண்ணை மூடிக்கொண்டு, கைகளைப் பாம்புபோல் இப்படியும் அப்படியும் வளைப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்! ஓர் அசைவைக் கற்பனை செய்யும்போது, அதை உண்மையில் செய்யும்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகளில் பலவும் விழித்துக்கொள்கின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மலையேறாமலே கிடைக்கும் பயிற்சி.

மிக்கேலா உலகக் கோப்பையில் முதன்முதலாக இறங்கியது 2011 மார்ச் 11 அன்று, செக் குடியரசில். பதினாறு வயது நிறைய இரண்டு நாள் பாக்கி. உலகக் கோப்பை என்பது ஒரே ஒரு போட்டி இல்லை. அக்டோபர் கடைசியில் தொடங்கி மார்ச் வரை, பெரும்பாலும் ஐரோப்பிய மலைகளில், வாரம் ஓர் ஊராக நடக்கும் தொடர். ஒவ்வொரு பந்தயத்திலும் வென்றவருக்கு 100 புள்ளி, இரண்டாமவருக்கு 80, மூன்றாமவருக்கு 60. அப்படியே குறைந்து முப்பதாவது ஆளுக்கு ஒரே ஒரு புள்ளி. பருவம் முடியும்போது யாரிடம் அதிகப் புள்ளியோ அவருக்குப் பளிங்கு உருண்டைக் கோப்பை. புதிதாக வருகிறவரின் பாடு திண்டாட்டம். நல்ல தரவரிசை உள்ளவர்கள் முன்னால் ஓடிவிடுவார்கள். புதியவர் கடைசியில், பள்ளம் விழுந்த தடத்தில் ஓட வேண்டும். அந்தப் பள்ளங்களைத் தாண்டி முதல் முப்பதுக்குள் வந்தால்தான் இரண்டாவது ஓட்டமே உண்டு.

மிக்கேலா அதிக நாள் கடைசியில் நிற்கவில்லை. 2012 டிசம்பரில் ஸ்வீடனின் ஓரே என்ற ஊரில் முதல் வெற்றி. 2014இல் சோச்சி ஒலிம்பிக்ஸ் ஸ்லாலமில் தங்கம். அப்போது வயது 18. அந்த ஓட்டத்தின் நடுவே ஒரு கணம் எல்லாம் போயிற்று என்றே தோன்றியது. ஒரு ஸ்கீ பனியை விட்டு மேலே எழும்பி, உடம்பு பின்னால் சரிந்தது. அடுத்த கம்பத்துக்குள் நிமிர்ந்து, தடத்தை விடாமல் முடித்துவிட்டார். இரண்டாம் இடத்தைவிட 0.53 நொடி முன்னால்.

அரை நொடி என்பது இந்த விளையாட்டில் தாராளம். அதே சோச்சியில் பெண்கள் டவுன்ஹில் பந்தயத்தில் ஸ்லோவேனியாவின் டினா மேஸும் சுவிட்சர்லாந்தின் டொமினிக் கிசினும் 1 நிமிடம் 41.57 நொடி என்று ஒரே நேரத்தில் முடித்தார்கள். இருவருக்கும் தங்கம். நொடியில் நூறில் ஒரு பங்குவரைதான் விதி பார்க்கும். அதற்குக் கீழே எண்ணுவதில்லை. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது நூறில் ஒரு பங்கு நொடியில் கடக்கும் தூரம் 28 சென்டிமீட்டர். ஒரு ஸ்கேல் நீளம்கூட இல்லை.

டவுன்ஹில் என்று சொன்னேன் அல்லவா? அது வேறு உலகம். திருப்பம் குறைவு, சரிவு நீளம். பெண்களின் ஸ்கீ 210 சென்டிமீட்டருக்குக் குறையாது. இங்கே வேகத்தைத் தின்பது பெரும்பாலும் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஸ்லாலமில் யாரும் பொருட்படுத்தாத காற்று இங்கே சுவராக நிற்கும். அதனால்தான் முழங்காலை மடித்து, முதுகைத் தரைக்கு இணையாக்கி, கைகளை முகத்துக்கு முன்னால் குவித்து, முட்டைபோல் ஒடுங்கிக்கொள்கிறார்கள். கைத்தடிகூட நேராக இருக்காது. இடுப்பைச் சுற்றி வளைந்திருக்கும். ஆரம்பத்தில் எடை கணக்கில் வராது என்றேனே, காற்று வந்தவுடன் அது மாறிவிடுகிறது. ஒரே அளவு காற்றுத் தடை கனமானவரைக் குறைவாகத்தான் தடுக்கும். டவுன்ஹில்லில் கொஞ்சம் கனமாக இருப்பது லாபம். சுவிட்சர்லாந்தின் லாவ்பர்ஹார்ன் தடத்தில் 2013இல் பிரான்ஸின் யோஹான் க்ளாரே மணிக்கு 161.9 கிலோமீட்டரைத் தொட்டார். என்ஜின் இல்லாமல்!

இறுக்கமான உடைக்கும் விதி உண்டு. ஒரு சதுர மீட்டர் துணி வழியே நொடிக்குக் குறைந்தது 30 லிட்டர் காற்று புக வேண்டும். காற்றே புகாத வழுவழுப்பான உடை வேகத்தைக் கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு விழுந்தவர், நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய்விடுவார்.

ஸ்லாலமில் கைதேர்ந்தவர் டவுன்ஹில் பக்கம் போவது அபூர்வம். மிக்கேலா போனார். 2017 டிசம்பரில் கனடாவின் லேக் லூயிஸில் டவுன்ஹில்லையும், அடுத்த வருடம் அங்கேயே, டவுன்ஹில்லுக்கும் ஜயன்ட் ஸ்லாலமுக்கும் இடைப்பட்ட பந்தயமான சூப்பர்-ஜியையும் வென்றார். 2018-19 பருவத்தில் மட்டும் 17 வெற்றிகள். அதற்குமுன் ஒரே பருவத்தில் யாரும் அத்தனை வென்றதில்லை.

மேலே மேலே ஏறிக்கொண்டே போனதுபோல் தோன்றுகிறதா? அப்படி இல்லை. 2020 பிப்ரவரியில் அப்பா ஜெஃப் வீட்டில் நடந்த விபத்தில் இறந்துபோனார். மாதக்கணக்கில் மிக்கேலா பந்தயங்களுக்கு வரவில்லை. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் உலகமே அவர் பதக்கங்களை எண்ணத் தயாராக இருந்தது. ஜயன்ட் ஸ்லாலம், ஸ்லாலம் இரண்டிலும் முதல் சில கம்பங்களுக்குள்ளேயே தடத்தை விட்டு வெளியே போனார். தடத்தோரப் பனியில் தலையைக் கவிழ்த்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு பதக்கம்கூட இல்லை. அந்த ஒலிம்பிக்ஸுக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே போட்டியாளர் காஷ்மீரின் ஆரிஃப் கான். ஆண்கள் ஜயன்ட் ஸ்லாலமில் இரண்டு ஓட்டத்தையும் முடித்து 45ஆவது இடம் பெற்றார். கடைசிவரை ஓடி முடிப்பதே இந்த விளையாட்டில் ஒரு சாதனைதான்.

உடம்புக்கு வரும் ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஸ்கீ பூட்ஸ் கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனது, கணுக்காலை அசையவிடாது. அதனால் கணுக்கால் தப்பிக்கிறது. ஆனால் இரண்டு மீட்டர் நீளப் பட்டை ஒரு பக்கம் திருகிக்கொண்டால், அந்தத் திருகல் எல்லாம் மேலே முழங்காலுக்குப் போகிறது. நெம்புகோல் நீளமாக நீளமாகத் திருகும் விசை அதிகம். முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் குறுக்காகக் கட்டிப்போட்டிருக்கும் ஏ.சி.எல். என்ற நார் அறுந்துவிடும். கபடி, கால்பந்து வீரர்களுக்கும் இது நேர்வதுண்டு. ஸ்கீ உலகில் இது அடிக்கடி நேர்கிறது. டவுன்ஹில், சூப்பர்-ஜி வீரர்கள் 2024-25 பருவத்திலிருந்து உடைக்குள் காற்றுப்பை அணிவது கட்டாயம். உடம்பு சுழலும் விதத்தை உணர்கருவிகள் கவனித்துக்கொண்டே இருக்கும். இது திருப்பமில்லை, விழுதல் என்று கணித்ததும் பத்தில் ஒரு பங்கு நொடியில் பை ஊதிக்கொள்ளும்.

மிக்கேலாவின் மோசமான விபத்து ஜயன்ட் ஸ்லாலமில் நடந்தது. அதற்கு முந்தைய வருடம், 2023 மார்ச் 11 அன்று, அவர் ஓரேயில் 87ஆவது வெற்றியைப் பெற்றிருந்தார். ஸ்வீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க் 1989இல் ஓய்வுபெறும்போது வைத்துவிட்டுப் போன 86 வெற்றி என்ற சாதனை 34 வருடத்துக்குப் பிறகு உடைந்தது. மிக்கேலா உலகக் கோப்பையில் கால்வைத்துச் சரியாகப் பன்னிரண்டு வருடம். அதன் பிறகும் வென்றுகொண்டே போய் எண்ணிக்கை 99ஐ எட்டியது. 2024 நவம்பர் 30, அமெரிக்காவின் கில்லிங்டன். நூறாவது வெற்றிக்கான ஓட்டம். முதல் ஓட்டத்தில் அவர்தான் முன்னணி. இரண்டாவது ஓட்டத்தில் விழுந்து, கம்பங்களை மோதிக்கொண்டு போய் வலையில் சிக்கினார். ஏதோ ஒன்று வயிற்றின் பக்கத்தில் ஆழமாகக் குத்தி, தசையைக் கிழித்திருந்தது. அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று.

அந்தத் தசை, இடுப்பின் பக்கவாட்டில் உடம்பைத் திருப்பவும் வளைக்கவும் உதவுவது. திருப்பத்தில் 130 கிலோவைக் காலில் தாங்கும்போது மேல் உடம்பைக் குலையாமல் பிடித்திருப்பது அதுதான். காயம் ஆறியது, ஜயன்ட் ஸ்லாலம் பயம் ஆறவில்லை. அதை அவர் மறைக்காமல் வெளிப்படையாகவே எழுதினார். பயம் வந்தால் மூளையின் அமிக்டலா என்ற பகுதி அபாய மணி அடிக்கும். தசைகள் எதிரெதிராக ஒரே நேரத்தில் இறுகிக்கொள்ளும். கண் பார்த்ததைக் கால் செய்வதற்குள் ஒரு துளி தாமதம் வரும். நூறில் ஒரு பங்கு நொடியை எண்ணும் விளையாட்டில் அந்தத் துளி தாமதம் பெரிய நஷ்டம். வேகமாகப் போக முடியாது என்பது மட்டுமல்ல, தயங்கினால் விளிம்பு சரியாகப் பிடிக்காமல் மறுபடி விழவும் கூடும். 2025 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் ஸால்பாக்கில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் ஜயன்ட் ஸ்லாலம் ஓடப்போவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். அங்கே பிரீஸி ஜான்சன் டவுன்ஹில் ஓட, மிக்கேலா ஸ்லாலம் ஓட, இருவர் நேரத்தையும் கூட்டிப்பார்க்கும் ஜோடிப் பந்தயத்தில் தங்கம் கிடைத்தது. பயந்த இடத்தை விட்டுத் தெரிந்த இடத்தில் ஓடுவது கோழைத்தனம் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அது நல்ல கணக்காகத்தான் படுகிறது.

அடுத்த சில நாட்களில், பிப்ரவரி 23 அன்று, இத்தாலியின் செஸ்ட்ரியேரேயில் ஸ்லாலம். முதல் ஓட்டத்தின் முதல் முப்பது பேர் இரண்டாவது ஓட்டத்தில் தலைகீழ் வரிசையில் வருவார்கள். முப்பதாவது ஆள் முதலில், முதலிடக்காரர் கடைசியில். முதலிடத்தில் இருந்த மிக்கேலா, இருபத்தொன்பது பேர் பள்ளம் பறித்த தடத்தில் கடைசியாக இறங்கினார். குரோஷியாவின் ஸ்ரிங்கா லூட்டிச்சைவிட 0.61 நொடி முன்னால் முடித்தார். நூறாவது வெற்றி.

ஸ்லாலமில் சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 0.61 நொடி எத்தனை மீட்டர்? பென்சிலை எடுங்கள். கிடைத்த விடையை 60 கம்பம், இரண்டு ஓட்டம், ஆக 120 திருப்பங்களால் வகுத்துப் பாருங்கள். ஒரு திருப்பத்துக்கு அவர் சேமித்தது எத்தனை சென்டிமீட்டர் என்று தெரிந்துவிடும்.